பழைய புர்க் அரங்கின் பார்வையாளர் கூடம் (ஓவியம்)

பழைய புர்க் அரங்கின் பார்வையாளர் கூடம் என்பது ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் 1888 ஆம் ஆண்டில் வரைந்த ஓர் ஓவியம் ஆகும். இது காகிதத்தின் மீது ஒளிபுகா நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டது. வியன்னா நகரின் மையத்தில் 1741 முதல் 1888 வரை இயங்கிய பழைய புர்க் நாடக அரங்கின் உட்புறத்தை இது காட்டுகிறது. அரங்கு இடிக்கப்படவிருந்த நிலையில், அதன் தோற்றத்தைப் பதிவு செய்து வைப்பதற்காக வியன்னா நகரவை 1887 இல் இவ்வோவியத்தை வரையப் பணித்தது.

அரங்கை வரையும் ஓவியர்கள் பொதுவாகப் பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடையை நோக்கி வரைவர். கிளிம்ட் மேடையில் நின்று பார்வையாளரை நோக்குவது போல வரைந்துள்ளார். இதனால் நாடகமோ நடிகர்களோ இதில் இடம்பெறவில்லை. மாறாக, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவில் வாழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறிய உருவப்படங்கள் ஒரே சட்டத்துக்குள் இடம்பெற்றுள்ளன. இவ்வோவியம் தற்போது வியன்னா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

பெயர்

ஜெர்மன் மொழியில் "புர்க்" என்பது கோட்டை அல்லது அரண்மனையைக் குறிக்கும். வியன்னாவிலுள்ள ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் அரண்மனை "ஹோஃப்புர்க்" எனப்படுகிறது. அதனை ஒட்டி அமைந்திருந்ததால் இவ்வரங்கு "அரண்மனையை அடுத்த அரசவை அரங்கு" என அழைக்கப்பட்டது. அப்பெயரே பின்னர் புர்க் அரங்கு எனச் சுருங்கியது. 1888 இல் வேறிடத்தில் புதிய அரங்கு திறக்கப்பட்ட பின்னரும் இதே பெயர் தொடர்ந்தமையால், முந்தைய கட்டடம் "பழைய புர்க் அரங்கு" எனக் குறிக்கப்படுகிறது.

அரங்கின் வரலாறு

தோற்றம்

பழைய புர்க் அரங்கு தொடக்கத்தில் நாடகத்துக்காகக் கட்டப்பட்டதன்று. மிக்கேலர் சதுக்கத்தை ஒட்டி அரசவையினர் பந்து விளையாடும் கூடம் ஒன்று இருந்தது. அது பயன்பாடின்றிக் கிடந்தபோது, பேரரசி மரியா தெரேசாவின் அனுமதியுடன் 1741 இல் நாடக அரங்காக மாற்றப்பட்டது. பின்னர் பலமுறை திருத்தியமைக்கப்பட்டது. 1748 இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது குளுக் இசையமைத்த ஓர் ஆப்பெரா அரங்கேறியது.

பந்தாட்டக் கூடத்திலிருந்து உருவானதால் அரங்கின் உட்புறம் நீண்டும் குறுகியும் இருந்தது. கீழ்த்தள இருக்கைகளைச் சுற்றி மூன்று பக்கங்களிலும் தனிமாடங்களும் அவற்றுக்கு மேல் மேல்மாடங்களும் அடுக்கடுக்காக அமைந்திருந்தன. நடிகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே தொலைவு குறைவாக இருந்ததால், தாழ்ந்த குரலில் பேசப்படும் உரையாடலும் நுட்பமான முகபாவமும் கூடத்தைச் சென்றடைந்தன. புர்க் அரங்கின் நடிப்பு மரபு இந்தச் சிறிய இடத்தில் வளர்ந்த ஒன்றாகும்.

1776 இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் இவ்வரங்கை ஜெர்மன் தேசிய அரங்காக அறிவித்தார். அதுவரை பிரெஞ்சு நாடகங்களும் இத்தாலிய ஆப்பெராக்களும் பெற்றிருந்த இடத்தை ஜெர்மன் மொழி நாடகங்களும் பெற வேண்டும் என்பது இதன் நோக்கமாகும்.

இசை நிகழ்வுகள்

மேற்கத்திய செவ்வியல் இசையின் வரலாற்றில் இவ்வரங்குக்குச் சிறப்பான இடம் உண்டு. இங்கு முதன்முதலாக அரங்கேறிய அல்லது இசைக்கப்பட்ட படைப்புகளுட் சில:

- 1762: குளுக்கின் "ஓர்ஃபியோவும் யூரிடிச்சேயும்"
- 1767: குளுக்கின் "அல்செஸ்தே"
- 1782: மொசார்ட்டின் "அந்தப்புரத்திலிருந்து கடத்தல்"
- 1786: மொசார்ட்டின் "பிகரோவின் திருமணம்"
- 1790: மொசார்ட்டின் "கோசி ஃபான் டூட்டே"
- 1800: பேத்தோவனின் முதலாம் சிம்பொனி

ஹைடனின் "படைப்பு" எனும் இசைக்காவியம் 1799 இல் பொதுமக்கள் முன்னிலையில் முதலில் இசைக்கப்பட்டதும் இங்கேயே. 1810 முதல் ஆப்பெரா வேறோர் அரசவை அரங்குக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் புர்க் அரங்கு உரைநாடகங்களுக்கே உரியதாயிற்று.

நாடக மரபு

ஜோசப் ஷ்ரைஃபோகல் (1814–1832), ஹைன்ரிக் லௌபே (1849–1867) ஆகியோரின் பொறுப்பில் இவ்வரங்கு ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் முதன்மையான நாடக அரங்குகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஆஸ்திரிய நாடகாசிரியர் பிரான்ஸ் கிரில்பார்சரின் "சாப்போ" 1818 இல் இங்கு அரங்கேறி வெற்றி பெற்றது. 1838 இல் அரங்கேறிய அவரது நகைச்சுவை நாடகம் தோல்வியடைந்தது. அதனால் மனம் வருந்திய கிரில்பார்சர் அதன்பின் தம் நாடகங்களை மேடைக்குத் தருவதை நிறுத்திக்கொண்டார். இவ்வரங்கின் பார்வையாளர்களுடைய தீர்ப்பு எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

நாடகம் முடிந்தபின் நடிகர்கள் திரைக்கு முன் வந்து வணங்கக்கூடாது என்ற விதியும் புர்க் அரங்கில் நிலவியது. 18 ஆம் நூற்றாண்டில் தோன்றிய இவ்விதி 1983 இல் தான் கைவிடப்பட்டது.

இடிப்புக்கான காரணங்கள்

ஹோஃப்புர்க் அரண்மனையின் மிக்கேலர் சதுக்க முகப்புக்கான திட்டத்தை யோசப் இமானுவேல் பிஷர் ஃபொன் ஏர்லாக் எனும் கட்டடக் கலைஞர் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வரைந்திருந்தார். ஆயினும் அது நிறைவேறவில்லை. முகப்பு எழ வேண்டிய இடத்தில் அரங்கு நின்றது. அரண்மனையின் கட்டுமானம் அரைகுறையாக நின்றுவிட்டதாலேயே அரங்கு 147 ஆண்டுகள் நிலைத்தது என்றும் கூறலாம்.

1857 இல் பேரரசர் முதலாம் பிரான்ஸ் ஜோசப் வியன்னாவின் பழைய மதில்களை இடிக்க ஆணையிட்டார். மதில்கள் இருந்த இடத்தில் ரிங் சாலை எனும் அகன்ற வட்டச் சாலையும் அதன் இருபுறமும் நாடாளுமன்றம், நகர மண்டபம், பல்கலைக்கழகம், அருங்காட்சியகங்கள் முதலிய பெருங்கட்டடங்களும் எழுந்தன. புர்க் அரங்குக்கும் அங்கே நகர மண்டபத்துக்கு எதிரில் இடம் ஒதுக்கப்பட்டது. கோட்ஃப்ரீட் செம்பர், கார்ல் ஃபொன் ஹாசனௌவர் ஆகியோரின் வடிவமைப்பில் 1874 இல் தொடங்கிய கட்டுமானம் 1888 இல் நிறைவடைந்தது.

தீ விபத்து பற்றிய அச்சமும் அக்காலத்தில் மிகுந்திருந்தது. 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் அரங்கில் எரிவாயு விளக்குகளால் ஏற்பட்ட தீயில் பல நூறு பேர் உயிரிழந்தனர். இதன் பின்னர் நாடக அரங்குகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. புதிய புர்க் அரங்கில் மின்விளக்குகள் பொருத்தப்பட்டன.

ஓவியப் பணி

1887 இல் வியன்னா நகரவை, மறையவிருக்கும் அரங்கின் உட்புறத்தை இரண்டு ஓவியங்களாகப் பதிவு செய்யத் தீர்மானித்தது. இப்பணி குஸ்தாவ் கிளிம்ட் (1862–1918), பிரான்ஸ் மாட்ச் (1861–1942) எனும் இரு இளம் ஓவியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மாட்ச் கூடத்திலிருந்து மேடையை நோக்கிய காட்சியையும், கிளிம்ட் மேடையிலிருந்து கூடத்தை நோக்கிய காட்சியையும் வரைந்தனர். எனவே இவ்விரு ஓவியங்களும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்த்தால்தான் அரங்கின் முழு உட்புறமும் கிடைக்கும்.

கிளிம்ட், அவருடைய தம்பி எர்ன்ஸ்ட் கிளிம்ட் (1864–1892), மாட்ச் ஆகிய மூவரும் வியன்னா கைவினைக் கலைப்பள்ளியில் பயின்றவர்கள். பின்னர் மூவரும் சேர்ந்து ஒரு கூட்டுப் பணியகத்தை நடத்தினர். அக்காலத்தில் நாடக அரங்குகளின் உட்கூரைகளையும் திரைகளையும் ஓவியங்களால் அணி செய்வதே இவர்களின் முதன்மைத் தொழிலாக இருந்தது. இன்றைய செக் குடியரசிலுள்ள லிபெரெட்ஸ், கார்லோவி வாரி, இன்றைய குரோவாசியாவிலுள்ள ரியேக்கா ஆகிய நகரங்களின் அரங்குகளில் இவர்கள் பணியாற்றியுள்ளனர்.

பழைய அரங்கைப் பதிவு செய்யும் பணி கிடைத்தபோது இம்மூவரும் புதிய புர்க் அரங்கின் படிக்கட்டு மண்டபங்களுக்கு உட்கூரை ஓவியங்கள் தீட்டிக் கொண்டிருந்தனர் (1886–1888). அதாவது, பழைய அரங்கின் நினைவைக் காப்பதும் அதன் இடத்தைப் பிடிக்கவிருந்த புதிய அரங்கை அழகுபடுத்துவதும் ஒரே காலத்தில் ஒரே கைகளால் நடைபெற்றன.

ஓவியத்தின் அமைப்பு

ஓவியத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆகும். நாடகம் தொடங்குவதற்கு முந்தைய நேரம் காட்டப்படுகிறது. கீழ்த்தளத்தில் சிலர் இருக்கைகளில் அமர்ந்துள்ளனர். சிலர் நின்றவாறு உரையாடுகின்றனர். சிலர் திரும்பிப் பின்வரிசைகளையும் மாடங்களையும் பார்க்கின்றனர். வெண்மையும் பொன்னிறமும் கலந்த மாட அடுக்குகள் இருபுறமும் பின்னோக்கி நீள்கின்றன. உட்கூரையிலிருந்து சரவிளக்கு தொங்குகிறது. தொலைவு கூடக்கூட முகங்கள் சிறுத்துச் செல்கின்றன. எனினும் முன்பகுதியில் உள்ளோரைத் தனித்தனியே அடையாளம் காணும் அளவுக்கு முகங்கள் நுணுக்கமாக வரையப்பட்டுள்ளன.

பார்வையாளர்கள் மேடையைப் பார்ப்பதைக் காட்டிலும் ஒருவரையொருவர் பார்ப்பதே மிகுதி. அக்கால நாடக அரங்கு நாடகம் காணும் இடமாக மட்டுமன்றி, நகரின் மேல்தட்டு மக்கள் தம்மைக் காட்டிக்கொள்ளும் இடமாகவும் இருந்தது. யார் எந்த மாடத்தில் அமர்கிறார் என்பது அவரது சமூக நிலையைச் சுட்டியது. கிளிம்ட் தேர்ந்தெடுத்த பார்வைக் கோணம் இந்த வழக்கத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது.

வண்ண முறை

நீர்வண்ண ஓவியத்தில் இரு முறைகள் உள்ளன. ஒளிபுகும் நீர்வண்ணத்தில் காகிதத்தின் வெண்மை வண்ணத்தின் ஊடே தெரியும். வெளிச்சமான பகுதிகளை வண்ணம் பூசாமல் விட்டே காட்ட வேண்டும். ஒளிபுகா நீர்வண்ணம் எனப்படும் குவாஷ் முறையில் வண்ணத்துடன் வெண்ணிறப் பொருள் சேர்க்கப்படுவதால் அது அடியிலுள்ளதை மறைக்கும். கருநிறத்தின் மீதும் வெளிர் நிறத்தைத் தீட்டலாம். இருண்ட மாடங்களின் பின்னணியில் முகங்கள், கையுறைகள், சட்டை முகப்புகள், விளக்கொளி ஆகியவற்றைச் சிறு புள்ளிகளாக எடுத்துக்காட்ட இம்முறை ஏற்றதாகும்.

1880களில் ஒளிப்படக் கலை வளர்ந்திருந்தபோதிலும், வண்ண ஒளிப்படம் நடைமுறைக்கு வரவில்லை. விளக்கொளியில் மக்கள் நிறைந்த பெரிய கூடத்தை ஒளிப்படம் எடுப்பதும் கடினம். ஆகவே கட்டடத்தின் நிறத்தையும் ஒளியையும் பதிவு செய்வதற்கு ஓவியமே நம்பத்தக்க வழியாக இருந்தது. வியன்னாவில் ருடோல்ஃப் ஃபொன் ஆல்ட் (1812–1905) போன்ற ஓவியர்கள் நகரக் காட்சிகளை நீர்வண்ணத்தில் துல்லியமாக வரையும் மரபை முன்னரே நிறுவியிருந்தனர்.

ஓவியத்தில் இடம்பெற்றோர்

ஓவியத்தில் அடையாளம் காணப்பட்டோருட் சிலர்:

- யோஹான்னஸ் பிராம்ஸ்: இசையமைப்பாளர்
- தியோடர் பில்ரோத்: அறுவை மருத்துவர், வயிற்று அறுவை மருத்துவத்தின் முன்னோடி
- கத்தரீனா ஷ்ராட்: புர்க் அரங்கின் நடிகை, பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் தோழி
- கார்ல் லூகர்: அரசியல்வாதி, பின்னர் 1897 முதல் 1910 வரை வியன்னாவின் மேயர்

இவ்வோவியத்தில் தம் முகமும் இடம்பெற வேண்டும் என நகரின் முக்கியத்தர்கள் பலர் விரும்பினர். கத்தரீனா ஷ்ராட் ஒரு நடிகையாக இருந்தும் இங்கு பார்வையாளர்களுள் ஒருவராகக் காட்டப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

வரவேற்பு

இவ்வோவியத்துக்காக 1890 இல் கிளிம்டுக்குப் பேரரசர் பரிசு வழங்கப்பட்டது. புதிய அரங்கின் உட்கூரை ஓவியங்களுக்காக 1888 இல் அவர் பேரரசரிடமிருந்து பொன் சிலுவை விருதையும் பெற்றிருந்தார். 30 வயதை எட்டுமுன்னரே அரசின் ஏற்பைப் பெற்ற ஓவியராக அவர் விளங்கினார்.

எனினும் கிளிம்ட் இவ்வழியில் தொடரவில்லை. 1897 இல் மரபுவழிக் கலைஞர் சங்கத்திலிருந்து விலகி, வியன்னா பிரிவினைக் குழு எனும் புதிய அமைப்பின் முதல் தலைவரானார். முன்னர் கூறிய ருடோல்ஃப் ஃபொன் ஆல்ட் தமது முதிர்ந்த வயதில் அவ்வமைப்பின் மதிப்புறு தலைவராக இருந்தார். "முத்தம்" (1907–1908) முதலிய, பொற்தகடு ஒட்டிய பிற்கால ஓவியங்களாலேயே கிளிம்ட் இன்று பரவலாக அறியப்படுகிறார். அவற்றை மட்டும் அறிந்தவர்களுக்குப் புர்க் அரங்கு ஓவியம் வேறொருவர் வரைந்தது போலத் தோன்றக்கூடும்.

வரலாற்று ஆவணமாக

கட்டடம் மறைந்துவிட்டதால், அதன் உட்புறத்தை அறிய விரும்புவோர் இவ்வோவியத்தை ஒரு சான்றாகப் பயன்படுத்துகின்றனர். அவ்வாறு பயன்படுத்தும்போது சிலவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவதாக, இது ஒரு குறிப்பிட்ட மாலையின் பதிவன்று. இத்தனை பேரை ஒரே நேரத்தில் அமர்த்தி இவ்வளவு நுணுக்கமாக வரைதல் இயலாது. தனித்தனி முகங்கள் ஒரே காட்சியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. எனவே ஓவியத்தில் அருகருகே இருக்கும் இருவர் உண்மையில் அரங்கில் அருகருகே அமர்ந்திருந்தனர் என்று கொள்ள முடியாது.

இரண்டாவதாக, யாருடைய முகம் நினைவில் நிற்க வேண்டும் என்பதில் ஒரு தேர்வு உள்ளது. செல்வாக்கு உடையோர் முகத்துடன் நிற்கின்றனர். உயரத்திலும் தொலைவிலும் இருப்போர் வண்ணப் புள்ளிகளாக மட்டும் எஞ்சுகின்றனர். அரங்கை இயக்கிய மேடைத் தொழிலாளர்களுக்கும் விளக்கேற்றுவோருக்கும் இதில் இடமில்லை.

இவ்வரம்புகளுக்கு அப்பால், கூடத்தின் அளவு, மாடங்களின் அமைப்பு, நிறங்கள், உடைகள், மக்கள் அங்கே நடந்துகொண்ட முறை ஆகியவற்றை ஒருங்கே காட்டும் பதிவு என்ற வகையில் இதன் மதிப்பு மிகப் பெரிது. வண்ணப் பதிவு இல்லாமற் போவதால் நேரும் இழப்பைக் கிளிம்டின் பிற்காலப் படைப்புகளே உணர்த்துகின்றன. வியன்னா பல்கலைக்கழகத்துக்காக அவர் வரைந்த "மெய்யியல்", "மருத்துவம்", "சட்டம்" எனும் மூன்று பெரிய ஓவியங்களும் 1945 மே மாதத்தில் இம்மென்டார்ஃப் மாளிகையில் ஏற்பட்ட தீயில் அழிந்தன. அவை இன்று பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் வாயிலாகவே அறியப்படுகின்றன.

பழைய அரங்கின் இறுதி நாள்

1888 அக்டோபர் 12 அன்று கேத்தே எழுதிய "டௌரிசில் இபிகெனி" நாடகத்துடன் பழைய அரங்கு மூடப்பட்டது. எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் (1881–1942) தமது "நேற்றைய உலகம்" எனும் நினைவு நூலில் அந்நாளைப் பற்றி எழுதியுள்ளார். இறுதித் திரை விழுந்ததும் மக்கள் மேடைக்கு விரைந்து, தம் அன்புக்குரிய கலைஞர்கள் நடித்த மேடைப் பலகையிலிருந்து ஒரு சிறு துண்டையாவது எடுத்துச் செல்ல முயன்றனர் என்றும், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் வியன்னா வீடுகளில் அம்மரத் துண்டுகள் அழகிய பேழைகளில் பாதுகாக்கப்பட்டன என்றும் அவர் குறிப்பிடுகிறார். அப்போது ஸ்வைக் ஏழு வயதுக்கும் குறைந்த சிறுவராக இருந்தார் என்பதால், இதனை நகர மக்களின் பொது நினைவாகக் கொள்வது பொருந்தும்.

இரு நாட்களுக்குப் பின், அக்டோபர் 14 அன்று, கிரில்பார்சர், ஷில்லர் ஆகியோரின் படைப்புகளுடன் புதிய அரங்கு திறக்கப்பட்டது. கட்டடத்தின் பொலிவு பாராட்டப்பட்டபோதிலும், கூடத்தில் வசனம் தெளிவாகக் கேட்கவில்லை என்ற குறை எழுந்தது. இதன் விளைவாக 1897 இல் பார்வையாளர் கூடம் மாற்றியமைக்கப்பட்டது. பழைய அரங்கின் சிறுமையே அதன் சிறப்பாக இருந்தது என்பது அது மறைந்த பின்னரே பலருக்கும் விளங்கியது.

பிற்கால நிலை

பழைய அரங்கு இடிக்கப்பட்ட இடத்தில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகத் தடைப்பட்டிருந்த ஹோஃப்புர்க் அரண்மனையின் மிக்கேலர் முகப்பு 1889 க்கும் 1893 க்கும் இடையில் கட்டி முடிக்கப்பட்டது. 1989–1991 காலப்பகுதியில் மிக்கேலர் சதுக்கத்தில் நடந்த அகழாய்வில், உரோமானியர் காலக் குடியிருப்பின் எச்சங்களுடன் பழைய புர்க் அரங்கின் சுவர்ப் பகுதிகளும் வெளிப்பட்டன. அகழப்பட்ட பகுதி சதுக்கத்தின் நடுவே திறந்த நிலையில் பேணப்படுகிறது.

புதிய புர்க் அரங்கும் இழப்புக்குத் தப்பவில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 மார்ச், ஏப்ரல் மாதங்களில் குண்டுவீச்சாலும் தீயாலும் அதன் மேடையும் பார்வையாளர் கூடமும் அழிந்தன. கிளிம்ட் சகோதரர்களும் மாட்சும் ஓவியம் தீட்டிய இரு படிக்கட்டு மண்டபங்களும் தப்பின. மீளக் கட்டப்பட்ட அரங்கு 1955 அக்டோபர் 14 அன்று திறக்கப்பட்டது. அப்படிக்கட்டு ஓவியங்களுள் ஒன்றான "லண்டன் குளோப் அரங்கு" என்பதில், "ரோமியோ ஜூலியட்" நாடகத்தின் இறுதிக் காட்சியைக் காண வந்தோருள் ஒருவராகக் கிளிம்ட் தம்மையே வரைந்துள்ளார். தம்பியும் மாட்சும் உடன் உள்ளனர். கிளிம்ட் தம் உருவை ஓவியமாகத் தீட்டியது இதில் மட்டுமே எனக் கருதப்படுகிறது. பழைய அரங்கில் நகரத்தாரைப் பார்வையாளர்களாக வரைந்த அவர், புதிய அரங்கில் தம்மையும் ஒரு பார்வையாளராகவே நிறுத்தியுள்ளார்.